வெள்ளியில் எழுதிய கடன்சீட்டு: 1811-ஆம் ஆண்டின் தனியார் ஷில்லிங்குகள்

பழைய வெள்ளிப் பொருள்களையும் நாணயங்களையும் மதிப்பிட்டுச் சான்று தருவது என் தொழில். வாரிசுகளுக்குள் பங்கு பிரிப்பதற்காகவோ காப்பீட்டுக்காகவோ கொண்டுவரப்படும் சேகரிப்புப் பெட்டிகளில், 1811 அல்லது 1812 என்று ஆண்டு பொறித்த சிறிய வெள்ளி வில்லைகள் அவ்வப்போது தலைகாட்டும். ஆங்கில எழுத்து இருக்கும். ஷில்லிங், பென்ஸ் என்று மதிப்பும் இருக்கும் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு). ஆனால் அரசரின் தலை இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் ஓர் ஊரின் சின்னமும் சில வணிகர்களின் பெயர்களுமே காணப்படும். கொண்டுவருபவர்களில் பாதிப் பேர் இதை அரிய பிரிட்டிஷ் நாணயம் என்று நம்பி வருகிறார்கள். மீதிப் பேர் யாரோ விளையாட்டுக்கு அடித்த பதக்கம் என்று எண்ணி, எடைக்குப் போட்டால் எவ்வளவு தேறும் என்று கேட்கிறார்கள். இரண்டு எண்ணமும் தவறானவை. டோக்கன் எனப்படும் இவை அரசு அடித்த நாணயங்களாக இராவிட்டாலும், இங்கிலாந்தின் கடைவீதிகளில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்காலம் கூலியாகவும் விலையாகவும் கைமாறிய பணம். இவற்றைச் சரியாக மதிப்பிட விரும்புபவர் தராசை எடுப்பதற்கு முன்னால், வில்லையின் மேல் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். ஏனென்றால் இவற்றின் மதிப்பில் ஒரு பகுதி வெள்ளியிலும், மறு பகுதி அந்த வாசகத்திலும் இருந்தது.

இங்கிலாந்தில் சில்லறை எப்படி மறைந்தது என்பதை முதலில் புரிந்துகொள்வது நல்லது. முதலாம் எலிசபெத் அரசியின் காலம் தொட்டு, ஒரு டிராய் பவுண்டு (12 அவுன்ஸ்) எடையுள்ள ஸ்டெர்லிங் வெள்ளியிலிருந்து, அதாவது நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி கொண்ட உலோகத்திலிருந்து, 62 ஷில்லிங் அடிக்க வேண்டும் என்பது விதி. அதாவது ஓர் அவுன்ஸ் வெள்ளிக்கு நாணயச்சாலை தரும் மதிப்பு 5 ஷில்லிங் 2 பென்ஸ். புதிய ஷில்லிங் ஒன்றின் எடை ஏறக்குறைய 93 கிரெய்ன், நம் கணக்கில் 6 கிராம். சந்தையில் வெள்ளியின் விலை இந்த வரம்பைத் தாண்டியபோதெல்லாம், நாணயச்சாலைக்கு வெள்ளி கொண்டுபோவது நட்டம் தரும் வேலையாயிற்று. 1787-இல் ஓரளவுக்கு ஷில்லிங்கும் ஆறு பென்ஸும் அடிக்கப்பட்டதற்குப் பிறகு, 1816 வரைக்கும் புழக்கத்துக்கான வெள்ளி நாணயம் அங்கே பெயரளவுக்குக்கூட அடிக்கப்படவில்லை என்றே சொல்லலாம். பிரான்சுடனான போர் செலவை ஏற்றிக்கொண்டே போனது. 1797 பிப்ரவரியில் இங்கிலாந்து வங்கி தன் நோட்டுகளுக்குத் தங்கம் தருவதை நிறுத்தியது. ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு நோட்டுகள் மக்கள் கைக்கு வந்தன. இருந்த உலோகம் பெட்டிக்குள்ளும் உருக்கும் உலைக்குள்ளும் போயிற்று.

உருக்குபவரின் கணக்கு மிக எளிமையானது. வெள்ளி அவுன்ஸுக்கு 6 ஷில்லிங், அதாவது 72 பென்ஸ் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முழு எடையுள்ள 93 கிரெய்ன் ஷில்லிங்கில் ஏறத்தாழ 14 பென்ஸ் மதிப்புள்ள வெள்ளி இருக்கிறது. 12 பென்ஸுக்குச் செலவழிக்க வேண்டிய காசை உருக்கினால் 14 பென்ஸ் கிடைக்கும் என்றால், சட்டம் தடுத்தாலும் அது உருகத்தான் செய்யும். ஆனால் நெடுங்காலம் கைமாறி, தேய்ந்து, எடையில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிட்ட ஷில்லிங்கில் 11 பென்ஸ் வெள்ளிதான் மிஞ்சியிருக்கும். அதை யாரும் உருக்கமாட்டார்கள். ஆகவே நல்ல காசெல்லாம் மறைந்து, அரசரின் முகம் எந்தப் பக்கம் என்று தெரியாத அளவுக்கு வழவழப்பான தகடுகளே புழக்கத்தில் எஞ்சின. அவையும் போதவில்லை. வாரக் கூலி கொடுக்க வேண்டிய ஆலைக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் இதுதான் அன்றாடத் தலைவலி: கையில் பவுண்டு நோட்டு இருக்கிறது, ஆனால் அதைப் பிரித்துக் கொடுக்கச் சில்லறை இல்லை.

அரசும் வங்கியும் சும்மா இருந்துவிடவில்லை. 1797-இல் இங்கிலாந்து வங்கி தன்னிடமிருந்த ஸ்பானிய டாலர் என்னும் பெரிய வெள்ளி நாணயங்களின் மேல் அரசர் மூன்றாம் ஜார்ஜின் சிறு தலையை முத்திரையாகக் குத்தி வெளியிட்டது. போலி முத்திரைகள் பெருகியதால் அந்த முயற்சி நிலைக்கவில்லை. 1804-இல் பர்மிங்ஹாமிலிருந்த மேத்யூ போல்டனின் சோஹோ நாணயச்சாலையில் அதே ஸ்பானிய டாலர்களை முழுமையாக மறு அச்சடித்து, 5 ஷில்லிங் மதிப்பில் விட்டார்கள். 1811 மார்ச்சில் வெள்ளி விலை ஏறியதால் அந்த மதிப்பை 5 ஷில்லிங் 6 பென்ஸாக உயர்த்த வேண்டியதாயிற்று. இந்த அறிவிப்பு மக்களுக்குச் சொல்லாமல் சொன்ன செய்தி ஒன்று உண்டு. நேற்றுவரை டாலரைச் செலவழிக்காமல் வைத்திருந்தவருக்கு இன்று நூற்றுக்குப் பத்து லாபம் என்றால், நாளைக்கும் ஏறலாம் அல்லவா? தட்டுப்பாட்டைத் தீர்க்க எடுத்த நடவடிக்கையே பதுக்கலுக்குத் தூண்டுகோலாயிற்று. அதே ஆண்டில் வங்கி 3 ஷில்லிங், 1 ஷில்லிங் 6 பென்ஸ் மதிப்புகளில் தன் சொந்த வெள்ளி டோக்கன்களையும் வெளியிட்டது. ஆனால் ஊர்களின் தேவை அதைவிடப் பெரிதாக இருந்தது.

இந்த இடைவெளியில்தான் தனியார் இறங்கினார்கள். 1780-களின் பிற்பகுதியிலேயே ஆங்கில்சித் தீவின் செப்புச் சுரங்க நிறுவனம் தொடங்கிவைத்த செப்பு டோக்கன்களின் பழக்கம் மக்களுக்கு ஏற்கெனவே இருந்தது. 1811-இல் அந்தப் பழக்கம் வெள்ளிக்கு ஏறியது. பிரிஸ்டல், பாத், யார்க், ஷெஃபீல்டு, லீட்ஸ், ரெடிங் என்று ஊருக்கு ஊர் வணிகர்களும் வெள்ளி வேலைக்காரர்களும் ஒரு ஷில்லிங், ஆறு பென்ஸ் மதிப்பில் டோக்கன்களை வெளியிட்டார்கள். அச்சடிக்கும் வேலை பெரும்பாலும் பர்மிங்ஹாமுக்குப் போயிற்று. எட்வர்ட் தாமசன் போன்ற பட்டறைக்காரர்களுக்கு இது நல்ல வியாபாரம். ரெடிங் நகரத்து ஜான் பெர்க்லி மங்க் ஒரு படி மேலே போய், 1812-இல் தங்கத்திலேயே 40 ஷில்லிங் டோக்கன் வெளியிட்டார்.

இப்போது வில்லையைக் கையில் எடுத்து வாசகத்தைப் படிப்போம். பிரிஸ்டலின் 12 பென்ஸ் டோக்கனில், 1811 ஆகஸ்டில் வணிகத்துக்கு வசதியாக வெளியிடப்பட்டது என்ற செய்தியோடு, பணம் தரக் கடமைப்பட்ட ஐந்து பேரின் பெயர்களும் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். யார்க் நகரத்து ஷில்லிங் டோக்கனில் கேட்டில், பார்பர் என்ற இருவரின் பெயர் இருக்கும். அவர்கள் அந்த ஊரில் அறியப்பட்ட வெள்ளிப் பொருள் வணிகர்கள். ஊர்க்காரர் எவரும் அந்தக் கடையின் கதவைத் தட்டி, இதற்குரிய பணத்தைக் கொடுங்கள் என்று கேட்க முடியும். பெயரும் ஊரும் இருக்கும் டோக்கன் அந்த அளவுக்கு ஒரு கடன்சீட்டு.

பாத் நகரத்தின் நான்கு ஷில்லிங் டோக்கனில் இருக்கும் வாசகத்தைத்தான் நான் புதியவர்களுக்கு முதலில் காட்டுவது வழக்கம். ஐந்து டோக்கன்களைக் கொண்டுவந்தால் ஒரு பவுண்டு நோட்டுத் தரப்படும் என்று அது சொல்கிறது. கணக்கு சரிதான், ஐந்து நான்கு இருபது ஷில்லிங், அது ஒரு பவுண்டு. ஆனால் அந்த உறுதியை நிதானமாகப் பாருங்கள். ஒரே ஒரு டோக்கன் வைத்திருப்பவருக்கு அதில் எந்த உறுதியும் இல்லை. ஐந்து சேர்ந்தால்தான் பேச்சு. அப்போதும் கிடைப்பது தங்கமோ வெள்ளியோ அன்று. அந்தக் காலத்தில் தங்கமாக மாற்றிக்கொள்ள முடியாத காகிதம். வெள்ளியைக் கொடுத்துக் காகிதம் வாங்கும் இந்த ஏற்பாட்டை மக்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்றால், சில்லறைக்கு அவர்கள் எவ்வளவு தவித்திருப்பார்கள் என்பது விளங்கும். வெளியிட்டவர் ஏமாற்றினார் என்று இதற்குப் பொருளில்லை. என்ன தருவேன் என்பதை அவர் ஒளிக்காமல் வெள்ளியின் மேலேயே எழுதிவிட்டார். படிக்காமல் வாங்கியவர்தான் நினைத்ததைக் காட்டிலும் குறைவாகப் பெற்றார்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. ஊர்ப்பெயரும் இல்லை, வெளியிட்டவர் பெயரும் இல்லை. மதிப்பும் ஓர் அலங்கார உருவமும் பொதுநலன் பற்றிய ஒரு சொல்லும் மட்டுமே இருக்கும். சேகரிப்பாளர்கள் இவற்றை எந்த ஊருக்கும் சேராதவை என்று தனியே வகைப்படுத்துகிறார்கள். வாங்கியவர் இதை எடுத்துக்கொண்டு யாரிடம் போவார்? அடுத்தவர் ஏற்றுக்கொள்ளும் வரைக்கும் அது ஷில்லிங். அவர் மறுத்த நொடியில் அது எடைக்கு விற்கும் வெள்ளி.

அந்த நொடியில் எவ்வளவு நட்டம் என்பதுதான் இவற்றை ஆராயும்போது நான் அழுத்திச் சொல்ல விரும்பும் செய்தி. தனியார் ஷில்லிங் டோக்கன்கள் பெரும்பாலும் அரசின் முழு எடை ஷில்லிங்கைவிடக் கணிசமாக எடை குறைந்தவை. ஒரு டோக்கன் 60 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 3.9 கிராம் ஸ்டெர்லிங் வெள்ளி என்று கொண்டால், அவுன்ஸுக்கு 72 பென்ஸ் விலையில் அதன் வெள்ளி மதிப்பு 9 பென்ஸ். மீதி 3 பென்ஸில் அச்சுக்கூலியும் வெளியிட்டவரின் லாபமும் அடங்கும். வாங்கியவரின் பக்கமிருந்து பார்த்தால், அந்த 3 பென்ஸ் வெளியிட்டவர் மேல் அவர் வைத்த நம்பிக்கை. கூலியாக இருபது டோக்கன் வாங்கிய தொழிலாளியிடம் ஒரு பவுண்டு இருப்பதாகத் தோன்றும். வெளியிட்டவர் கைவிரித்துவிட்டால் அவரிடம் இருப்பது 15 ஷில்லிங் வெள்ளி, அதையும் உருக்குபவர் கழிவு பார்த்துத்தான் எடுப்பார். காகித நோட்டாக இருந்திருந்தால் முழுவதும் போயிருக்கும் என்பது உண்மையே. ஆனால் வெள்ளி என்பதால் எதுவுமே போகாது என்று நம்பியதுதான் அந்தக் காலத்து ஏமாற்றம், இந்தக் காலத்திலும் என் மேசைக்கு வருபவர்களிடம் நான் பார்க்கும் அதே நம்பிக்கை. எடை குறையாமல் வெளியிட்டிருக்கக் கூடாதா என்று சிலர் கேட்பதுண்டு. முழு எடையில் அடித்திருந்தால் அவையும் மறுவாரமே உருக்கும் உலைக்குப் போயிருக்கும். எடைக்குறைவுதான் அவற்றைப் புழக்கத்தில் வைத்திருந்தது.

நாடாளுமன்றம் இதை நீண்ட நாள் பொறுக்கவில்லை. 1812 ஜூலையில், இங்கிலாந்து, அயர்லாந்து வங்கிகளின் டோக்கன்களைத் தவிர மற்றத் தங்க, வெள்ளி டோக்கன்களைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. 1813 மார்ச் 25-க்குப் பிறகு அவை புழங்கக் கூடாது என்பது முதலில் வைத்த கெடு. மாற்றாகக் கொடுக்கப் போதிய காசு இல்லாத நிலையில் கெடுவை நீட்டிக்க வேண்டியிருந்தது. தடை வரப்போகிறது என்று தெரிந்த பின் ஒரு டோக்கனைக் கையில் வைத்திருப்பது, இசை நாற்காலி ஆட்டத்தில் பாட்டு நிற்கப்போகும் நேரத்தில் நடந்துகொண்டிருப்பதற்குச் சமம். பெயரும் ஊரும் பொறித்த டோக்கன் வைத்திருந்தவர் போய்க் கேட்க ஓர் இடமாவது இருந்தது. பெயரில்லாத டோக்கனுக்கு அதுவும் இல்லை.

சிக்கல் உண்மையில் தீர்ந்தது 1816-ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தால்தான். ஒரு டிராய் பவுண்டு வெள்ளியிலிருந்து 62-க்குப் பதிலாக 66 ஷில்லிங் அடிக்கப்படும், வெள்ளி நாணயம் 40 ஷில்லிங் வரைக்குமான தொகைக்கே சட்டப்படி செல்லும் என்று அது வகுத்தது. புதிய ஷில்லிங்கின் எடை 87 கிரெய்ன் சொச்சம், 5.65 கிராம் அளவு. முகமதிப்பைவிடக் குறைந்த வெள்ளியை வைத்தால்தான் சில்லறை உருகாமல் புழங்கும் என்ற பாடத்தைப் பிரிஸ்டலும் யார்க்கும் ஏற்கெனவே நடத்திக் காட்டியிருந்தன. அதைத்தான் அரசு தன் முத்திரையோடு எடுத்துக்கொண்டது என்பது என் கருத்து. 1817 பிப்ரவரியில் இரண்டு வார காலத்துக்குள் நாடெங்கும் தேய்ந்த பழைய அரசு வெள்ளிக்குப் புதிய காசு மாற்றிக் கொடுக்கப்பட்டது. தனியார் டோக்கன்களுக்கு அந்த மாற்றில் இடமில்லை. ஆகவே பெரும்பாலானவை உருக்கப்பட்டன. தப்பியவைதாம் இன்று சேகரிப்புகளில் இருக்கின்றன.

இனித் தொழில் சார்ந்த எச்சரிக்கைகள். அந்தக் காலத்திலேயே இவற்றுக்குப் போலிகள் உண்டு. செம்பு அல்லது பித்தளைத் தகட்டின் மேல் வெள்ளி முலாம் பூசியவை. இப்போது பலரும் நகைக்கடையிலோ அடகுக்கடையிலோ இருக்கும், எக்ஸ் கதிரால் உலோகத்தை அறியும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு, 92 சதவீதம் வெள்ளி என்ற அச்சுச் சீட்டோடு வருகிறார்கள். அந்தக் கருவி மேற்பரப்பின் மெல்லிய படலத்தை மட்டுமே படிக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். முலாம் தடிமனாக இருந்தால் உள்ளே இருக்கும் செம்பு அதற்குத் தெரியாது. உரைகல்லில் தேய்ப்பதும் பொருளைக் கெடுக்குமே தவிர உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது.

நான் நம்புவது பழைய தண்ணீர்ச் சோதனையைத்தான். பத்து மில்லிகிராமையாவது பிரித்துக் காட்டும் தராசு, ஒரு கண்ணாடி டம்ளர், ஒரு மெல்லிய நைலான் நூல் போதும். டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்துப் பூச்சியமாக்கிவிட்டு, நூலில் கட்டிய வில்லையை அடியிலும் பக்கத்திலும் படாமல் நீருக்குள் தொங்கவிட வேண்டும். தராசு காட்டும் எண்தான் வில்லை விலக்கிய நீரின் எடை. 3.90 கிராம் எடையுள்ள ஸ்டெர்லிங் வில்லை என்றால் அந்த எண் 0.38-ஐ ஒட்டி நிற்கும். செம்பு உள்ளீடு என்றால் 0.43, 0.44 என்று ஏறும். வில்லையின் மேல் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தவறும். நீரில் ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டால் குமிழி ஒட்டாது. சோதனையை மூன்று முறை செய்து பாருங்கள். இவ்வளவு சிறிய பொருளில் ஒரு முறை எடுத்த எண்ணை நம்பக் கூடாது. அதன் பிறகு பூதக்கண்ணாடியால் விளிம்பைச் சுற்றிப் பார்க்க வேண்டும். எழுத்தின் மேடுகளிலும் விளிம்பின் முனைகளிலும் தேய்மானம் முதலில் விழும் என்பதால், முலாம் போலியில் செம்பு நிறம் அங்கேதான் முதலில் எட்டிப்பார்க்கும். வார்ப்புப் போலி என்றால் எழுத்தின் ஓரம் கூர்மை இழந்து, பரப்பில் நுண்ணிய புள்ளிக்குழிகள் தெரியும். விளிம்பில் அரம் போட்ட கீறல்களும் இருக்கலாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு: அந்தக் காலத்து முலாம் போலியையே விரும்பித் தேடும் சேகரிப்பாளர்களும் இருக்கிறார்கள். அதனால் போலி என்று தெரிந்தாலும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்; போலி என்று எழுதிய உறையில் போட்டு வையுங்கள்.

கைக்கு வந்தவுடன் பளபளப்பாக்குவதுதான் நான் பார்க்கும் பெரிய கேடு. விபூதி, புளி, பற்பசை, பாத்திரம் தேய்க்கும் பொடி என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வழி இருக்கிறது. இருநூறு ஆண்டுகளாக வெள்ளியின் மேல் சீராகப் படிந்த கருமை, அது தொடப்படாதது என்பதற்கான சான்று. தேய்த்துவிட்டால் அது திரும்பாது, நுண்கீறல்கள் மட்டும் மிஞ்சும். குத்துவிளக்குக்குச் செய்யும் மரியாதையை டோக்கனுக்குச் செய்ய வேண்டாம். கழுத்தில் மாட்டுவதற்காகத் துளையிட்டவையும், பற்றவைத்து வளையம் சேர்த்தவையும் சேகரிப்பு மதிப்பில் பெருமளவை இழந்துவிடுகின்றன.

சென்னைச் சேகரிப்புகளில் வேறொரு குழப்பமும் நேர்கிறது. ஏறத்தாழ அதே காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை நாணயச்சாலை அதே ஸ்பானிய டாலர்களை மறு அச்சடித்து, ஒரு பக்கம் கோயில் கோபுரமும் மறுபக்கம் திருமாலின் உருவமும் கொண்ட அரைப் பகோடா, கால் பகோடா (பகோடா என்பது வராகன்) வெள்ளிக் காசுகளை வெளியிட்டது. தமிழிலும் தெலுங்கிலும் மதிப்பு எழுதியிருப்பதால் இவற்றையும் யாரோ தனியார் அடித்த டோக்கன் என்று எண்ணி வருபவர்கள் உண்டு. இவை கம்பெனி அரசின் முறையான நாணயங்கள். கூர்ந்து பார்த்தால் சிலவற்றில் அடியிலிருக்கும் ஸ்பானிய டாலரின் எழுத்துச் சுவடுகூடத் தெரியும். மதிப்பீட்டில் இரண்டும் வேறு வேறு வகை.

இணையத்தில் வாங்குபவர்கள் படத்தில் இருபுறமும் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், எடையைக் கிராமில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எடை சொல்லத் தயங்கும் விற்பனையாளரிடம் நான் வாங்குவதில்லை. பெயர் பொறித்த, ஊர் தெரிந்த டோக்கனுக்கும் ஊரற்ற டோக்கனுக்கும் தனித்தனியே விலை பார்க்க வேண்டும். அரிதா இல்லையா என்பதை விளம்பரத்தின் மொழியை வைத்து முடிவு செய்யாமல், ஏலங்களில் உண்மையில் முடிந்த விலைகளை ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். விற்பனையாளர் கேட்கும் விலையும் வாங்குபவர் கொடுத்த விலையும் இந்தத் துறையில் வெகுதூரம் விலகி நிற்பவை.

விற்பவர்களுக்கு ஒரு சட்டச் செய்தி. நூறாண்டுக்கு மேற்பட்ட நாணயங்களை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. தொல்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்பத் தனிநபருக்கு உரிமையில்லை. லண்டன் ஏலத்தில் நல்ல விலை போகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, உறையில் போட்டுத் தபாலில் அனுப்பிவிட எண்ணுபவர்கள் அதற்கு முன்னால் இந்தியத் தொல்லியல் துறையின் வட்டார அலுவலகத்தில் எழுத்து மூலமாக விசாரித்துக்கொள்ள வேண்டும். உள்நாட்டில் விற்பதானால், பொருள் எந்த வழியில் குடும்பத்துக்கு வந்தது என்பதற்கான பழைய உறை, கைக்குறிப்பு, வாங்கிய ரசீது எதையும் பிரித்துவிடாமல் வில்லையோடு சேர்த்தே கொண்டுவாருங்கள்; மதிப்பீட்டுச் சான்றில் அவற்றையும் பதிவு செய்ய முடியும்.